லயிப்பு யாருக்கு வாய்க்கிறது?

"கவனமாகப் படி" என்று பிள்ளைகளிடம் சொல்லாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனசு வைத்தால் கவனம் வரும். வரவில்லையென்றால் பிள்ளை மனசு வைக்கவில்லை. சோம்பல், பொறுப்பின்மை, கைப்பேசி என்று குற்றப்பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு வேலையில் மனிதர் தன்னை மறந்து ஒன்றிப்போவது எப்படி நேர்கிறது என்று உளவியலாளர்கள் 130 ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கைக்கு ஆதரவாகக் கிடைப்பது கொஞ்சம்தான். லயிப்பில் மன உறுதியின் பங்கு சிறியது. வேலை எப்படி அமைந்திருக்கிறது, செய்பவருக்கு அதில் எவ்வளவு தேர்ச்சி இருக்கிறது, உடையாத நேரம் எவ்வளவு கிடைக்கிறது என்பவற்றின் பங்கு பெரியது. அந்த நேரத்துக்கான விலையைப் பெரும்பாலும் வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் ஆய்வாளர்கள் அதிகம் பேசியதில்லை. இந்தக் கட்டுரை போய்ச் சேர நினைப்பது அந்த இடத்துக்குத்தான்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட பெருநூலில் கவனத்துக்கென்று ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். நாமாக முயன்று செலுத்தும் கவனம் ஒரு தடவைக்குச் சில நொடிகளுக்கு மேல் நிற்பதில்லை என்பது அவர் கண்டது. நழுவிய மனத்தைத் திரும்பத் திரும்ப இழுத்து வருகிறோம். அதைத்தான் தொடர்ந்த கவனம் என்று எண்ணிக்கொள்கிறோம். மனம் ஒரு பொருளிலேயே தங்க வேண்டுமானால் அந்தப் பொருள் நம் கண்முன் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்; புதுப் பக்கம் ஒன்றைக் காட்டவேண்டும், புதுக் கேள்வி ஒன்றை எழுப்பவேண்டும். மேதைகள் மணிக்கணக்கில் ஒன்றிலேயே ஆழ்ந்திருப்பதையும் ஜேம்ஸ் இப்படித்தான் விளக்கினார். அவர்கள் மனத்தில் ஒரு பொருள் கிளைவிட்டுக்கொண்டே போகிறது. அதனால் கவனம் நிற்கிறது. கவனத்தால் மேதைமை வந்தது என்று நாம் காரண காரியத்தைத் தலைகீழாகப் படிக்கிறோம் என்றார். பரிசோதனைக் கூடங்கள் சரியாக முளைக்காத காலத்தில், தன் மனத்தையே உற்றுப் பார்த்து எழுதியது இது. பின்னால் வந்த கருவிகள் பெரும்பாலும் அவர் பக்கமே சாய்ந்தன.

கவனம் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கேள்வி இரண்டாம் உலகப் போரில் உயிர்ப் பிரச்சினையானது. பிரிட்டிஷ் விமானங்களில் ரேடார் திரை முன் உட்கார்ந்து, எதிரி நீர்மூழ்கிக் கப்பல்களின் மங்கிய புள்ளிக்காக மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் அந்தப் புள்ளியைத் தவறவிட்டார்கள். தூங்கிவிட்டார்கள் என்றோ அலட்சியம் என்றோ சொல்ல முடியாது. தவறவிட்டால் யார் சாவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் இதை ஆராய ஒரு கடிகாரம் செய்தார். எண்களே இல்லாத வெள்ளை முகப்பு. ஒரு முள் நொடிக்கொரு முறை ஒரு படி நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். தாவினால் பொத்தானை அழுத்தவேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் இரண்டு மணி நேரம். முதல் அரை மணிக்குள்ளேயே பிடிபடாத தாவல்கள் கூடத் தொடங்கின. 1948இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு இன்றுவரை ஆட்டம் காணாமல் நிற்கிறது.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு பகுதி உண்டு. என் கணக்கில் அதுதான் முக்கியமானது. "சரியாகப் பிடித்தாய்", "தவறவிட்டாய்" என்று ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லாமல் போனது. அரை மணிக்கொரு முறை ஓய்வு கொடுத்தபோதும் அப்படியே. ஆள் மாறவில்லை, மன உறுதி மாறவில்லை. வேலை அவரோடு பேச ஆரம்பித்தது, இடையில் விடவும் செய்தது. இத்தனைக்குப் பிறகும் வாசல் காவலாளியையும் இரவு முழுக்கக் கேமராத் திரைகளைப் பார்த்திருப்பவரையும் பன்னிரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, ஏதாவது நடந்தால் அவர்கள் கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறோம்.

லயிப்பு என்ற அனுபவத்தையே ஆய்வுப் பொருளாக்கியவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். ஹங்கேரியத் தூதரக அதிகாரி ஒருவரின் மகன். 1934இல், அப்போது இத்தாலியில் இருந்த ஃபியூமே நகரில் பிறந்தார்; இன்று அந்த ஊர் குரோவேஷியாவின் ரியேகா. போர்க்காலத்தில் சுற்றிலும் பெரியவர்களின் உலகம் இடிந்து விழுந்துகொண்டிருந்தபோது, சதுரங்கப் பலகை முன் உட்கார்ந்தால் அதெல்லாம் மறந்துபோவதைச் சிறுவனாகவே கவனித்ததாகப் பின்னால் சொன்னார். அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓவிய மாணவர்களைப் பற்றி ஆராய்ந்தபோது ஒரு விஷயம் அவரை உறுத்தியது. படம் வளர்ந்துகொண்டிருக்கும்வரை அவர்களுக்குப் பசி தெரிவதில்லை, களைப்பு தெரிவதில்லை. முடிந்த படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். பணமும் புகழும் விளைபொருளுக்குத்தானே கிடைக்கும்; அதன்மேல் இவ்வளவு அசட்டையாக இருப்பவர்களைச் செய்யும் வேலை ஏன் இப்படிக் கட்டிப்போடுகிறது?

மலையேறுபவர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள், நடனக்காரர்கள், இசையமைப்பாளர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடம் பேசி அவர் எழுதிய முதல் நூல் 1975இல் வந்தது. எல்லோரையும் சென்றடைந்த 'ஃப்ளோ' 1990இல் வந்தது. வெவ்வேறு தொழில் செய்தவர்கள் விவரித்த அனுபவம் ஒன்றுபோலவே இருந்தது. செயலும் செய்பவரும் வேறாகத் தெரியாது. "நான் எப்படித் தெரிகிறேன்" என்ற எண்ணம் அடங்கிவிடும். நேரம் சுருங்கும், சில சமயம் நீளும். இந்த நிலை உண்டாக அவர் வைத்த நிபந்தனைகளில் முதன்மையானவை மூன்று. அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும்; செய்தது சரியா என்பது உடனே தெரிய வேண்டும்; வேலையின் கடினம் ஆளின் திறமைக்கு ஈடாக இருக்க வேண்டும். கடினம் மிஞ்சினால் பதற்றம், திறமை மிஞ்சினால் சலிப்பு.

விடியற்காலையில் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவரைப் பார்த்தால் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருப்பது தெரியும். புள்ளி வைத்தாயிற்று, போக வேண்டிய வழி தெரிகிறது. கோடு ஒரு புள்ளி தவறினால் அடுத்த வளைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஏழு புள்ளி கைவந்ததும் மார்கழியில் பதினைந்துக்கு மனம் தானாகவே போகும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலத்தின் கணித இலக்கணத்தை ஆராய்ந்தார்கள். போடுகிறவரின் லயிப்பை அப்படி யாராவது ஆராய்ந்திருந்தால் சிகாகோவுக்குப் போயிருக்கவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நேர்காணலில் ஒருவர் நினைவிலிருந்து சொல்வதை எவ்வளவு நம்புவது? இந்தக் கேள்விக்கு விடையாக சிக்சென்ட்மிஹாயும் அவருடன் இருந்தவர்களும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு பேஜர் கொடுத்தார்கள். நாளில் எட்டு முறைபோல, எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். அந்தக் கணத்தில் என்ன செய்கிறீர்கள், மனம் எப்படி இருக்கிறது என்று உடனே தாளில் குறிக்கவேண்டும். இப்படி ஒரு வாரம். ஜூடித் லஃபெவருடன் சேர்ந்து 1989இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 78 உழைக்கும் மக்கள் கலந்துகொண்டார்கள். லயிப்புக்கு ஏற்ற கணங்களில் பெரும்பகுதி வேலை நேரத்தில்தான் பதிவாகியிருந்தது, ஓய்வு நேரத்தில் குறைவு. ஆனாலும் வேலையில் இருந்தபோதெல்லாம் "வேறெதையாவது செய்துகொண்டிருக்கலாமே" என்றுதான் அவர்கள் குறித்தார்கள். வேலை தங்களுக்கு என்ன தருகிறது என்பதை மனிதர்களே சரியாக அறிவதில்லை.

இந்தக் கோட்பாட்டின்மேல் கேள்விகளும் எழுந்தன. லயித்திருப்பவரிடம் "லயித்திருக்கிறீர்களா" என்று கேட்ட அந்தக் கணமே லயிப்பு கலைந்துவிடும் என்பது அளவீட்டின் நிரந்தரச் சங்கடம். கடினமும் திறமையும் ஈடாக இருக்கவேண்டும் என்ற விதியும் எங்கும் ஒரே மாதிரி செல்லுபடியாகவில்லை. டெட்ரிஸ் விளையாட்டை ஆட்டக்காரரின் வேகத்துக்கேற்பத் தானாக மாறும்படி அமைத்துச் சோதித்தபோது விதி நன்றாகப் பொருந்தியது. வேலை தமக்கு மிக முக்கியமானது என்று கருதுகிறவர்களோ, அது எளிதாக இருந்தபோதும் ஆழ்ந்துபோனார்கள் என்று ஜெர்மனியில் 2008இல் வந்த ஆய்வு காட்டியது. இது இயல்புதானே? குழந்தைக்கு மருந்து அளந்து ஊற்றும் தாய்க்கு அதில் கடினம் ஒன்றுமில்லை. கவனம் முழுவதும் அந்த அளவுக் கோட்டில் இருக்கிறது.

சதுரங்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கவன ஆய்வுக்கு இதைப்போல உதவிய விளையாட்டு வேறில்லை; மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்குப் பிறகு நம் ஊர்களுக்கும் நெருக்கமாகிவிட்டது. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்தின் நடுநிலை ஒன்றைச் சில நொடிகள் காட்டி மறைத்தார்கள். தேர்ந்தவர் காய்களைப் பெரும்பாலும் சரியாகத் திரும்ப அடுக்கினார். புதியவர் சில காய்களோடு நின்றுவிட்டார். அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. அவருடைய பொது நினைவாற்றல் மற்றவர்களுடையதைப் போன்றதுதான். பல்லாயிரம் ஆட்டங்களின் பழக்கத்தால், புதியவர் இருபது காய்களைப் பார்க்கும் இடத்தில் அவர் ஐந்தாறு கூட்டங்களைப் பார்க்கிறார். ஒவ்வொரு கூட்டமும் ஒரு மிரட்டலாக, ஒரு வாய்ப்பாக, ஒரு கேள்வியாக அவருக்குத் தெரிகிறது. ஜேம்ஸ் சொன்ன கிளைவிடும் பொருள் இதுதான்.

"கவனம் இருந்தால் கற்றுக்கொள்வாய்" என்று பள்ளியில் சொல்கிறோம். பாதி உண்மை அது. கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் கவனம் நிற்கிறது என்பது மறுபாதி. பின்னத்தில் தடுமாறும் பிள்ளையை இயற்கணித வகுப்பில் உட்காரவைத்தால் கரும்பலகையில் இருப்பது அதற்குத் தாறுமாறாக வைத்த காய்கள்தான். ஜன்னல் வழியே பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்யும்? அந்தப் பிள்ளைக்குக் கவனப் பயிற்சி கொடுப்பதைவிட, உட்கார்ந்து பின்னம் சொல்லிக்கொடுப்பது நல்லது.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் கவனத்துக்கு எல்லை உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சதுரங்க சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம் சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை ஒரு தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். எதிரே உட்கார்ந்திருந்த 18 வயது குகேஷுக்கு அதைக் கண்டுகொள்ளச் சில கணங்கள் போதும். சிறிது நேரத்தில் பட்டம் சென்னைக்கு வந்தது. டிங் அப்போதைய உலக சாம்பியன். அவருக்குத் திறமை போதாது என்றோ அக்கறை போதாது என்றோ எவரும் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் நீண்ட போட்டியின் களைப்பு மனத்தின் மேல் என்ன செய்யும் என்பதற்கு மாக்வொர்த்தின் கடிகாரத்தைவிடத் துயரமான சாட்சி அந்த நகர்த்தல்.

தேர்ச்சி எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்ந்தவர்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993இல் எழுதினார்கள். மிகச் சிறந்தவர்களாகக் கருதப்பட்டவர்கள் தனியே சாதகம் செய்த நேரம் அதிகம். அவர்கள் தூங்கிய நேரமும் அதிகம். முழுக் கவனத்தோடு செய்யும் சாதகம் ஒரு நாளில் நான்கு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. இந்தச் சாதகம் இன்பமான காரியமல்ல, தன் குறையையே தேடித் தேடித் திருத்தும் வேலை என்றார் எரிக்சன். தன்னை மறந்து மிதக்கும் லயிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி.

இந்த வழக்கில் இரு தரப்பும் சரி. வெவ்வேறு மணி நேரங்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது புதிதில்லை. சரளி வரிசையை மூன்று காலத்திலும் பிசிறில்லாமல் வரும்வரை திரும்பப் பாடும் அசுர சாதகத்தில், ஒவ்வொரு ஸ்வரத்தின்மேலும் தன்னுணர்வு கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கும். பத்து ஆண்டு கழித்து மேடையில் நிரவல் செய்யும்போது அந்தக் காவலை விலக்கிவிட்டுப் பாடகர் ராகத்துக்குள் போய்விடுகிறார். முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடையாது. லயிப்பை மட்டும் விலைபேசி விற்கும் பயிலரங்குகள் இந்தப் பத்து ஆண்டுகளைச் சொல்வதே இல்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதில் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. சார்லஸ் லிம்பும் ஆலன் பிரானும் 2008இல் ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஆறு பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வாசிக்கவைத்தார்கள். மனோதர்மமாக வாசித்தபோது, தன்னைத்தானே கண்காணிக்கும் முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதிகள் அடங்கியிருந்தன. அழகான முடிவு, ஆனால் ஆறு பேர். வேறு ஆய்வுகளில் வேறு பகுதிகள் அடங்கின. லயிப்பின் மூளை வரைபடம் தயாராகிவிட்டது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டியதில்லை. மனம் அலைவதைப் பற்றி வந்த தகவல் இதைவிட உறுதியானது. மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் பேஜர் முறையைக் கைப்பேசிக்கு மாற்றி, 2,250 பேரிடம் திரட்டியதை 2010இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்ட கணங்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அலைந்த மனம் பொதுவாக மகிழ்ச்சி குறைந்த மனமாகவும் இருந்தது.

அலைவது மனத்தின் இயல்பு என்றாகிவிட்ட பிறகு, வெளியிலிருந்து வந்து கலைப்பவற்றின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது; புதியது அதனால் கெடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். அலுவலகத் தொல்லைகளை ஆராய்ந்த குளோரியா மார்க்கின் 2008ஆம் ஆண்டு முடிவு பலருக்கு வியப்பளித்தது. இடையில் குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள். இழந்த நேரத்தை ஈடுகட்ட விரைந்தார்கள். அந்த விரைவுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் விலையாகப் போயின. அலுவலகக் கணக்கில் இந்த விலை எங்கும் ஏறுவதில்லை. வேலைதான் குறித்த நேரத்தில் முடிந்துவிட்டதே!

இங்கே ஒரு தமிழ்க் கலை குறுக்கே வந்து நிற்கிறது. மனத்தை ஒன்றில் மட்டுமே குவிக்க முடியும் என்றால் அவதானிகள் செய்தது என்ன? கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத் தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். கேட்ட ஈற்றடிக்கு வெண்பா சொல்வது, முதுகில் விழும் பொருள்களை எண்ணுவது, மணியோசையை எண்ணுவது, கணக்குக்கு விடை சொல்வது என்று அவையோர் நாலாபுறமிருந்தும் தொடுப்பவற்றை எல்லாம் ஏந்தி, கடைசியில் ஒவ்வொன்றுக்கும் பிசகாமல் பதில் தருவது இந்தக் கலை. நூறு வேலைகளில் நூறு கவனம் என்று வியப்பது எளிது. உளவியல் தந்திருக்கும் வெளிச்சத்தில் எனக்கு வேறாகத் தெரிகிறது. அவதானிக்கு அந்த நூறும் சேர்ந்து ஒரே வேலை. ஒவ்வொரு கேள்வியையும் வந்தவுடன் எந்த இடத்தில் வைப்பது, எப்போது எடுப்பது என்பது ஆண்டுக்கணக்கில் கைவந்த ஒழுங்கு. அவையோர் குறுக்கிடவில்லை, அந்த ஒழுங்குக்குத் தேவையானதைக் கொடுக்கிறார்கள். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தொலைபேசிக்கும் நடுவே சிதறும் அலுவலருக்கு அப்படி ஒரு ஒழுங்கை யாரும் கொடுக்கவில்லை. அவரை அவதானி என்று பாராட்டி மேலும் வேலை சுமத்துவது அநியாயம்.

லயிப்பைப் புகழும் எழுத்துகள் அதன் ஆபத்தைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 1972 டிசம்பர் 29 இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமி சென்ற ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானம் தரையிறங்க இருந்தபோது, முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. பழுது பல்பில் மட்டும்தான். விமானத்தை 2,000 அடி உயரத்தில் தானியங்கியிடம் விட்டுவிட்டு விமானிகள் அறையில் இருந்த அனைவரும் அந்த விளக்கில் மூழ்கினார்கள். தானியங்கியின் உயரப் பிடி எப்படியோ விலகி விமானம் மெல்ல இறங்கத் தொடங்கியது. எச்சரிக்கை ஒலி எழுந்தது. யாரும் அதற்கு அசையவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானிகள் ஓட்டுதலுக்குத் தொடர்பில்லாத எதிலும் ஈடுபடக்கூடாது என்று 1981இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி, இதைப் போன்ற விபத்துகள் கற்பித்த பாடங்களிலிருந்து வந்தது. 2013இல் நுரையீரல் ஸ்கேன் படங்களுக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தைப் பதித்து, கட்டி தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் வழக்கமாகத் தேடும் சிறு கட்டியைவிட 48 மடங்கு பெரிய அந்த உருவத்தை 20 பேர் பார்க்கவே இல்லை. கூர்மையாகத் தேடினார்கள், அதனால்தான் தவறவிட்டார்கள்.

இதைவிட மோசமானது வேண்டுமென்றே தயாரிக்கப்படும் லயிப்பு. மானுடவியலாளர் நடாஷா டவ் ஷுல் லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட இயந்திரங்களையும் அவற்றின் முன் அமர்ந்தவர்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2012இல் நூலாக்கினார். வெல்வதற்காக ஆடவில்லை, அந்த இயந்திரத்தோடு ஒன்றியிருக்கும் நிலை நீடிப்பதற்காக ஆடுகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். பெரிய தொகை விழுந்தால் ஆட்டம் நிற்கிறதே என்று எரிச்சல்படுகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். குறிக்கோள் தெளிவு, விடை உடனடி, தன்னுணர்வு காணாமல் போகிறது, நேரம் தெரிவதில்லை. சிக்சென்ட்மிஹாயின் பட்டியலில் வளரும் திறமை என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அங்கே இருக்கின்றன. விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வரும் கைப்பேசிக் காணொளிகளும் இந்த வகைதான். இன்றைய பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்று புலம்புகிறோம். மூன்று மணி நேரம் ஒரு திரையில் அசையாமல் இருக்கிறார்களே, அது கவனம் இல்லாமல் என்ன? அந்தக் கவனத்தை அடைய பெரும் நிறுவனங்கள் உழைத்திருக்கின்றன. கணக்குப் பாடத்துக்காக அப்படி உழைத்தவர்கள் குறைவு.

இனி நேரத்தின் விலை. சீனிவாச ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் மேலதிகாரி நாராயண ஐயரும் அவரைப் புரிந்துகொண்டவர்கள். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அதன் பொருள், அலுவலகக் கோப்புகளிலிருந்து விடுதலை. நாள் முழுவதும் கணிதம். இதை எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்குள் நடந்ததைக் குறைவாகவே சொல்வார்கள். கணக்கில் ஆழ்ந்திருக்கும்போது எழுந்திருக்காமலிருக்க, சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைத்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். இரவில் குறித்த நேரத்தில் எழுப்பிவிட்டவர்களும் அவர்களே. பல்கலைக்கழகம் கொடுத்த 75 ரூபாய் ஆவணத்தில் இருக்கிறது. தாய் கோமளத்தம்மாளும் மனைவி ஜானகியும் கொடுத்தது அங்கே இல்லை. ராமானுஜனின் பெருமை இதனால் குறையாது. ஒரு மனம் அவ்வளவு ஆழம் போக, மேலே நின்று கயிறு பிடித்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

கயிறு பிடிப்பவர்களுக்கு முழுகும் வாய்ப்பு எப்போது வரும்? இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்களுக்கு அது 97 நிமிடம். அப்படி ஈடுபட்ட ஆண்களே நான்கில் ஒரு பங்குதான். 2024 கணக்கெடுப்பில் இவை 289, 88 என்று சற்றுக் குறைந்தன. இந்த எண்கள் நேரத்தின் அளவைச் சொல்கின்றன, நேரத்தின் வடிவத்தைச் சொல்வதில்லை. அந்த ஐந்து மணி நேரம் ஒரே துண்டாக வருவதில்லை. அடுப்பில் பால், வாசலில் தண்ணீர் லாரி, மாமியாருக்கு மாத்திரை, பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று நாள் முழுவதையும் சில்லுகளாக்கிவிட்டுப் போகிறது. மிச்சமிருக்கும் நேரமும் சில்லுகளாகத்தான் மிஞ்சும். லெராய் சோதனைக் கூடத்தில் செயற்கையாக உண்டாக்கிய நிலை, கோடிக்கணக்கான பெண்களுக்கு அன்றாடம். மாலையில் தையல் ஆலையிலிருந்து திரும்பி, குரூப் 4 தேர்வுக்குப் புத்தகத்தை விரிக்கும் பெண்ணிடம் "மனசு வைத்துப் படி" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டுப் பிள்ளைக்கும் இதே நிலைதான். தொலைக்காட்சியும் தையல் இயந்திரமும் தாத்தாவின் இருமலும் அந்த அறையில்தான் இருந்தாக வேண்டும். கவனத்தைப் பற்றிய இத்தனை ஆய்வுகளில் இருந்தும் அரசு எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் தியான வகுப்பைச் சொல்லமாட்டேன், நூலகத்தைச் சொல்வேன். 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் அங்கே நிறைந்திருப்பார்கள். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நூலகத்தின் நூல்களைத் தொடாமல் தங்கள் கையேடுகளையே படித்துவிட்டுப் போகிறார்களே என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் தேடி வருவது மேசையும் வெளிச்சமும், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத மூன்று மணி நேரமும். வீட்டில் கிடைக்காத அதை ஒரு பொது நிறுவனம் கொடுக்க முடிகிறது என்றால், அது இரவல் கொடுத்த புத்தக எண்ணிக்கைக்குக் குறைந்த சேவையாகாது. பெருநகரத்து நூலகங்கள் இரண்டு மூன்றோடு இது நின்றுவிடக்கூடாது. வட்டாரந்தோறும் கிளை நூலகத்தில் ஒரு படிப்பறை, வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் வந்து உட்காரும்படி இரவு ஒன்பது மணிவரை திறந்த கதவு, அந்த நேரத்துக்குப் பெண்கள் வீடு திரும்ப ஒரு பேருந்து. உள்ளாட்சி நிதியில் இதற்கு ஆகும் செலவை யாராவது ஒரு மாவட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும்.